சென்னையில போட்டோ எடுக்க என்ன சார் இருக்கு?

புதுசா கேமரா வாங்கின எல்லாரும் மூணாவது வாரத்துல கேட்கிற கேள்வி இது. முதல் வாரம் வீட்டுல இருக்கிற பூந்தொட்டி, பக்கத்து வீட்டுப் பூனை, அக்கா பையன். ரெண்டாவது வாரம் மெரினாவுல சூரிய உதயம். மூணாவது வாரம், "மச்சி, இந்த ஊர்ல ஒண்ணுமே இல்லடா. வெயில், தூசி, ட்ராஃபிக். ஊட்டி, மூணார்னு போனாத்தான் உண்டு". அதோட கேமரா பீரோவுக்குள்ள போயிடும். அடுத்த லாங் வீக்கெண்ட் வரைக்கும் வெளியில வராது.

என் நண்பர்கள் வட்டத்துல மட்டும் இப்படி பீரோவுல தூங்குற கேமரா நாலு இருக்கு. எல்லாம் இ.எம்.ஐ. கட்டி வாங்கினது. அதனால கொஞ்சம் சீரியஸாவே இதைப் பத்தி எழுதலாம்னு தோணுச்சு.

என் கட்சி இதுதான். சென்னையில இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. "நல்ல லொகேஷன்" என்று எதை நினைத்துக்கொண்டு தேடுகிறோம் என்பதில்தான் கோளாறு.

லிஸ்ட் வியாதி

"சென்னையில் படம் எடுக்க 10 இடங்கள்" என்று தேடினால் வருகிற பட்டியல் எல்லாருக்கும் மனப்பாடம். மெரினா, கபாலி கோயில், சாந்தோம், பெசன்ட் நகர்ல கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம், உடைஞ்ச பாலம், காசிமேடு, அவ்வளவுதான். பட்டியலில் தப்பு ஒண்ணும் இல்லை, எல்லாமே நல்ல இடம்தான். ஆனா அந்தப் பட்டியல் உங்களுக்கு இடத்தை மட்டும் தர்றதில்லை. எங்க நிக்கணும், எந்தப் பக்கம் திரும்பணும், படம் எப்படி இருக்கணும்னு சேர்த்தே தந்துடுது. நீங்க போய் அதை சரிபார்த்துட்டு வர்றீங்க, அவ்வளவுதான்.

2022 செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கும். நேப்பியர் பாலத்துக்கு சதுரங்கக் கட்டம் மாதிரி கருப்பு வெள்ளை பெயிண்ட் அடிச்சாங்க. மொத்த ஊரும் அங்க போய் நின்னுச்சு. அந்த நேரத்துல என் போன்ல வந்து விழுந்த படங்களை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது யார் எடுத்ததுன்னு எடுத்தவங்களுக்கே தெரியாது. அதே பாலத்துக்கு அடியில கூவம் கடலைப் பார்த்துப் போகுது. பக்கத்துல பறக்கும் ரயில் போகுது. அந்தப் பக்கம் திரும்பின படம் ஒண்ணுகூட எனக்கு வரல.

இடம் பாதி, வெளிச்சம் பாதி

நான் சொல்ல வர்ற முதல் விஷயம்: லொகேஷன்னா மேப்புல இருக்கிற புள்ளி மட்டும் கிடையாது. அந்தப் புள்ளியோட ஒரு நேரமும் ஒரு திசையும் சேர்ந்ததுதான் லொகேஷன்.

உதாரணத்துக்கு கபாலீஸ்வரர் கோயிலையே எடுத்துக்குவோம். ராஜகோபுரம் கிழக்கு பார்த்து இருக்கு. காலையில 7 மணிக்கு வெயில் நேரா அதன் மேல விழும். குளம் இருக்கிறது கோயிலுக்கு மேற்கே. காலையில குளக்கரையில நின்னு கோயிலைப் பார்த்தா சூரியன் உங்களுக்கு எதிர்ல இருக்கும், எல்லாம் கறுப்பா நிழலுருவமாத்தான் வரும். அதே இடத்துல சாயங்காலம் 5 மணிக்கு நின்னு பாருங்க. மேற்கு வெயில் கோயில் மேல பட்டு, தண்ணியில பிம்பம் விழுந்து, வேற ஊருக்கு வந்துட்டோமோன்னு தோணும். காலையில குளக்கரையில நின்னுட்டு "ஒண்ணும் வரலப்பா"ன்னு திரும்பி வந்தவங்களை எனக்குத் தெரியும். இடம் சரிதான். மணிதான் தப்பு.

சென்னை கிழக்குக் கடற்கரை ஊர். கடல்ல சூரியன் உதிக்கும், மறையாது. இது எல்.கே.ஜி. பாடம்தான். ஆனாலும் சாயங்காலம் மெரினாவுல முக்காலியைத் தூக்கிட்டு கடலைப் பார்த்து நிக்கிறவங்க இன்னும் இருக்காங்க :-) சூரிய அஸ்தமனம் தண்ணியோட வேணும்னா அடையாறு முகத்துவாரத்துக்குப் போங்க. உடைஞ்ச பாலத்துப் பக்கம் நின்னா மேற்கே ஆறு விரிஞ்சு கிடக்கும், சூரியன் ஊருக்குப் பின்னாடி இறங்கும். 1967ல கட்டி 1977ல உடைஞ்ச பாலம் அது. மீனவ மக்கள் ஆத்தைக் கடக்கக் கட்டினது. எல்லாரும் பாலத்தை எடுப்பாங்க. பாலத்தை முதுகுக்குப் பின்னாடி விட்டுட்டு மேற்கே பாருங்கன்னு நான் சொல்வேன். இருட்டுறதுக்குள்ள கிளம்பிடணும், அது வேற விஷயம்.

இன்னொண்ணு, நாம இருக்கிறது ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில. சூரியன் இங்க சாய்ஞ்சு சாவகாசமா இறங்காது, செங்குத்தா விழும். வெளிநாட்டு ஆளுங்க எழுதுற புத்தகத்துல "பொன்னான ஒரு மணி நேரம்"னு படிச்சுட்டு சாவகாசமா டீ குடிச்சுட்டு வந்தா இங்க வெளிச்சம் போயிடும். நம்ம ஊருக்கு அது அரை மணி, முக்கால் மணி, அவ்வளவுதான். ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகல்ல சூரியன் நேரா தலைக்கு மேலயே வந்துடும், கம்பத்துக்கு நிழலே விழாது. அந்த மாதங்கள்ல மத்தியானம் வெளியில படம் எடுக்கிறது முகத்துக்குத் தண்டனை. கண்ணுக்குக் கீழ கருவளையம் போட்ட மாதிரி நிழல் விழும். மத்தியானம் எடுத்தே ஆகணும்னா மார்க்கெட்டுக்குள்ள போயிடுங்க. தகரக் கூரை ஓட்டை வழியா விழுற வெயிலை விட நல்ல ஸ்டூடியோ லைட் எவனும் கண்டுபிடிக்கல.

நான் இதுக்கு ஒரு எக்ஸல் ஷீட் வெச்சிருக்கேன் (சிரிக்காதீங்க, தொழில் புத்தி). நாலே காலம். இடம், எந்தத் திசை பார்த்து இருக்கு, எந்த நேரம், எந்த மாசம். ஆபீஸ் போற வழியில, கல்யாணத்துக்குப் போற வழியில, ஏதாவது கண்ணுல பட்டா போன்லயே குறிச்சுக்குவேன். இப்போ 60 வரி தாண்டிடுச்சு. "இந்த ஞாயித்துக்கிழமை எங்க போலாம்"னு நான் யாரையும் கேட்கிறதில்லை. ஷீட்டைத்தான் கேட்கிறேன்.

காலண்டரைப் பாருங்க, மேப்பை அப்புறம் பாருங்க

ஒரே இடம் வருஷத்துல நாலு இடமா மாறும். இதுதான் என் ரெண்டாவது பாயிண்ட்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு எல்லாரும் விடியறதுக்கு முன்னாடி ஏலம் பார்க்கப் போவாங்க. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. "இப்ப போய் என்ன பண்றது"ன்னு அந்த நேரத்துல கேமராக்காரங்க போக மாட்டாங்க. அப்போதான் போகணும்னு நான் சொல்றேன். படகுகள் தோளோட தோள் ஒட்டி வரிசையா நிக்கும். வலை பின்னுவாங்க, மரம் இழைப்பாங்க, பெயிண்ட் அடிப்பாங்க. எல்லாரும் ஒரே இடத்துல உட்கார்ந்து வேலை செய்வாங்க, பேச நேரம் இருக்கும். ஏலத்தன்னிக்கு அவங்க வேலைக்கு நடுவுல நீங்க ஒரு இடைஞ்சல். தடைக்காலத்துல நீங்க ஒரு விருந்தாளி.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதி சாதாரண நாள்ல ட்ராஃபிக் ஜாம். நவராத்திரிக்கு முன்னாடி ரெண்டு வாரம் ரோடு முழுக்க கொலு பொம்மை. சாயங்காலம் பல்பு வெளிச்சத்துல பொம்மைக்கு நடுவுல உட்கார்ந்து பேரம் பேசுற முகங்களைப் பாருங்க. பங்குனியில அறுபத்துமூவர். மார்கழி விடியற்காலையில அதே வீதிகள்ல கோலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எல்லாரும் கேமராவை உள்ள வெப்பாங்க. ஆனா சென்னை ரோடு கண்ணாடி மாதிரி ஆகிறது அந்த ரெண்டு மாசம்தான். தியேட்டர் வாசல், டீக்கடை ட்யூப்லைட், ஆட்டோவோட மஞ்சள் எல்லாம் தலைகீழா தரையில கிடக்கும். ஒரு பிளாஸ்டிக் கவரும் குடை பிடிக்க ஒரு நண்பனும் போதும்.

பள்ளிக்கரணையும் இதே கதைதான். 2022ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த சதுப்பு நிலம். ஐ.டி. கம்பெனிக்குப் போற நம்ம ஆளுங்க தினமும் ரெண்டு வேளை அதைக் கடந்துதான் போறோம். மூக்கைப் பொத்திக்கிட்டு போறதால திரும்பிப் பார்க்கிறதில்லை. குளிர்காலத்துல பூநாரை வந்து நிக்கிறதைப் பார்க்க ஒருத்தர் குஜராத் வரைக்கும் டூர் புக் பண்ணினார். அவர் ஆபீஸ் துரைப்பாக்கத்துல! என்னத்தைச் சொல்ல.

29சி வழி

சரி, இடத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? என்னோட முறை ரொம்ப சீப். ஒரு பஸ் ரூட்டை எடுத்துக்குங்க. 29சி எனக்குப் பிடிச்சது. பெரம்பூர்ல கிளம்பி ஜெமினி, மயிலாப்பூர், அடையாறுன்னு தொட்டு பெசன்ட் நகர் வரைக்கும் போகும். வடசென்னையில ஏறி தென்சென்னையில இறங்குறதுக்குள்ள ஊரோட எல்லா ஜாதி வீடும், எல்லா உயரக் கட்டடமும், எல்லா வகை வாசனையும் ஜன்னல் வழியா போயிடும். முதல் தடவை கேமராவைத் தொடவே கூடாது. ஜன்னல் சீட்டுல உட்கார்ந்து குறிச்சுக்கிட்டே போங்க. அடுத்த வாரம் அதுல ரெண்டே ரெண்டு ஸ்டாப்புல இறங்கி நடங்க. பைக்குல போனா இது நடக்காது, ஏன்னா பைக்குல போறவன் பார்க்கிறது ரோட்டுக் குழியை மட்டும்தான்.

நடக்கிறதுக்கு ஜார்ஜ் டவுனை விட நல்ல இடம் இந்த ஊர்ல இல்லை. பாரிமுனையில இறங்கி உள்ள போனா தெருவுக்கு ஒரு தொழில். ஒண்ணுல பேப்பர், ஒண்ணுல இரும்பு, ஒண்ணுல பூ. அரண்மனைக்காரத் தெருவுல, அதான் ஆர்மீனியன் தெரு, 1772ல கட்டின ஆர்மீனியன் சர்ச் இருக்கு. வெளியில லாரி ஹாரன், உள்ள காலடியில கல்லறைக் கற்கள், மரத்து நிழல், நிசப்தம். ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுதான் படம்.

அப்புறம் பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள். 1995ல சேப்பாக்கம் வரைக்கும், 1997ல மயிலாப்பூர் வரைக்கும், 2007ல வேளச்சேரி வரைக்கும் வந்துச்சு. இவ்வளவு பெரிய கான்க்ரீட் மண்டபங்களைக் கட்டிட்டு அதை என்ன பண்றதுன்னு தெரியாம விட்டது போலவே இருக்கும். எல்லாரும் திட்டுவாங்க, நானும் திட்டுவேன். ஆனா சாயங்கால வெயில் அந்தத் தூண்களுக்கு நடுவுல சாய்ஞ்சு விழும்போது தனியா ஒருத்தர் டிபன் பையோட நடந்து வந்தா போதும். எந்த லிஸ்டுலயும் இது இருக்காது.

படிக்கிறதும் லொகேஷன் தேடுறதுதான். எஸ். முத்தையா எழுதினதையோ, 1991லேர்ந்து வர்ற 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' பத்திரிகையையோ ஒரு மணி நேரம் புரட்டினா ஒரு வருஷத்துக்குத் தேவையான தெருக்கள் கிடைக்கும். ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் 1856ல திறந்தது, தென்னிந்தியாவோட முதல் ரயில் கிளம்பினது அங்கிருந்துதான்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தூண்களைப் பார்க்கிறதுக்கும், தெரியாம பார்க்கிறதுக்கும் ஃப்ரேம்ல வித்தியாசம் தெரியும். ஆகஸ்ட்ல மெட்ராஸ் டே சமயத்துல நடத்துற நடைப் பயணங்களுக்குப் போங்க. அதுல கேமரா இல்லாம வர்ற பெரியவங்ககிட்ட பேச்சுக் கொடுத்தீங்கன்னா ஒரு தெருவே கிடைக்கும்.

இடம்னா அதுல ஆள் இருக்காங்க சாமி

இப்போ நான் நிஜமாவே சொல்ல வந்த விஷயம்.

"இன்ட்ரஸ்டிங் லொகேஷன்"னு நாம சொல்ற பாதி இடம் யாரோ ஒருத்தரோட வீட்டு வாசல், இல்லைன்னா வேலை செய்ற இடம். கண்ணகி நகரை எடுத்துக்குங்க. 2020ல அங்க குடியிருப்புச் சுவர்கள்ல பிரம்மாண்டமா ஓவியம் வரைஞ்சாங்க. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. உடனே வார இறுதியில கேமராக் கூட்டம். அந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கிறவங்க யாரு? நகரத்துக்குள்ள ஆத்தோரமும் ரோட்டோரமும் இருந்து, அங்கேர்ந்து பெயர்த்து ஊருக்கு வெளியில கொண்டுவந்து வெச்சவங்க. வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம்னு பஸ்ஸுக்கு நின்னவங்க. நாம போய் அவங்க துணி காயப்போட்ட கொடியை "கொஞ்சம் நகர்த்துங்கக்கா, ஃப்ரேம்ல விழுது"ன்னு கேட்கிறோம். இதை என் காதால கேட்டேன். அந்தக்கா நகர்த்தியும் குடுத்தாங்க. எனக்குத்தான் என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

காசிமேட்டுல ஒரு மீன்காரம்மா என்னைக் கேட்டாங்க: "இன்னா தம்பி, ஆளாளுக்கு வந்து புட்ச்சிகினு போறீங்க. ஒரு தபாவாச்சும் எங்க மூஞ்சிய எங்களுக்குக் காட்னீங்களா?"

இதுக்கு என்ன பதில் இருக்கு? தெருவுல எடுக்கிற படத்துக்கு முன்னாடியே அனுமதி கேட்டா அந்த நொடி போயிடும்னு சொல்வாங்க. ஓரளவு நிஜம்தான். கூட்டத்தை எடுக்கிறப்போ ஒவ்வொருத்தரையா கேட்க முடியாது. ஆனா ஒரு முகத்தை மட்டும் நிறைச்சு எடுக்கிறோம்னா, முன்னாடி கேட்கலைன்னாலும் பின்னாடி காட்டலாமே? வேணாம்னு சொன்னா அவங்க முன்னாடியே அழிக்கலாமே? நான் இப்போ ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். நல்லா வந்த படத்தை சின்ன சைஸ்ல பிரிண்ட் போட்டு அடுத்த தடவை போறப்போ கொண்டு போய்க் குடுத்துடுவேன். ஒரு காபி காசுதான் ஆகும். அந்த மீன்காரம்மாவுக்கும் குடுத்தேன். கையைத் துடைச்சுக்கிட்டு வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நல்லாத்தான் கீறேன்" அப்படின்னாங்க. அதுக்கப்புறம் அந்தத் தெருவுல எனக்கு வழி விடுறாங்க, டீ வாங்கித் தர்றாங்க, "நாளைக்கு புதுப் படகு இறக்குறாங்க, வா"ன்னு தகவல் தர்றாங்க. பத்து இடங்கள் பட்டியல் எதுவும் இதைத் தராது.

செக்யூரிட்டி அண்ணன்கள்

இதுக்கு நேரெதிர் பிரச்சனையும் உண்டு. ஒரு பெரிய கட்டடத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாட்பாரத்துல நின்னு எடுத்துட்டிருந்தேன். செக்யூரிட்டி விசிலடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். "கேமரா அலவ்டு இல்ல சார்." பக்கத்துல நாலு பேர் அதே கட்டடத்தை போன்ல எடுத்துட்டிருந்தாங்க. "அது போன் சார், இது கேமரா" என்றார். இந்த லாஜிக்கை எந்த கம்பைலரும் ஏத்துக்காது.

பொதுத் தெருவில் நின்று படம் எடுக்கக் கூடாது என்று பொதுவாக ஒரு சட்டம் நம் நாட்டில் கிடையாது. துறைமுகம், ராணுவ இடம், விமான நிலையம் மாதிரி இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, அதை மதிக்கணும். மத்த இடத்துல சிரிச்ச முகத்தோட பேசிப் பாருங்க. பாவம், 12 மணி நேரம் நின்னுட்டிருக்கிற மனுஷன், மேலதிகாரி திட்டுவாரோன்னு பயப்படுறார். அவரோட சண்டை போட்டு ஜெயிச்சு என்ன ஆகப் போகுது? ஆனா ஊரோட தெருவை ஊர்க்காரன் படம் எடுக்கிறதைக் குத்தம் மாதிரி பார்க்கிற மனப்பான்மை மாறணும். பெண்கள் கேமராவோட தனியாப் போனா இது ரெண்டு மடங்கு தொல்லைன்னு என் தோழி சொல்றா. விடிகாலை 5 மணிக்கு நான் யோசிக்காம போற இடத்துக்கு அவ துணை தேடணும். "நல்ல லொகேஷன்" என்கிற வார்த்தைக்கு அர்த்தம்கூட ஆளுக்கு ஆள் மாறுது பாருங்க.

நாளைக்கு இருக்காது

கடைசியா ஒண்ணு. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சு போச்சு. 2016 டிசம்பர்ல வர்தா புயல் ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்ச்சுது. நிழலா இருந்த தெரு மறுநாள் காலையில மொட்டை வெயிலா நின்னுச்சு. 2024ல உதயம் தியேட்டர் மூடினாங்க. மூடுறாங்கன்னு தெரிஞ்சதும் எல்லாரும் ஓடிப் போய் எடுத்தோம். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை அந்த வழியா போயிருப்போம்?

பெரிய கட்டடங்களுக்காவது யாரோ எங்கேயோ படம் எடுத்து வெச்சிருப்பாங்க. உங்க தெரு முனையில இருக்கிற இஸ்திரி வண்டி, கையால எழுதின போர்டு வெச்ச சைக்கிள் கடை, உங்க வீட்டு மாடியிலேர்ந்து தெரியுற தண்ணி டேங்க், மெட்ரோ வேலைக்கு நடுவுல தடுப்புக்குப் பின்னாடி மறைஞ்ச கடைகள், இதையெல்லாம் உங்களைத் தவிர யாரும் எடுக்கப் போறதில்லை. 20 வருஷம் கழிச்சு நேப்பியர் பாலத்துப் படம் லட்சம் கிடைக்கும். உங்க தெரு படம் ஒண்ணுதான் இருக்கும், அதுவும் நீங்க எடுத்தாத்தான்.

அதனால ஊட்டிக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி, வர்ற சனிக்கிழமை காலையில 6 மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்து இடது பக்கம் நடங்க. அடுத்த வாரம் வலது பக்கம். ஒரு மாசம் இதைப் பண்ணிட்டு, அப்பவும் "இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல"ன்னு தோணுச்சுன்னா வந்து சொல்லுங்க. கேமராவை நானே பாதி விலைக்கு எடுத்துக்கறேன் :-)

பி.கு: காசிமேட்டுக்குப் போறவங்க பழைய செருப்பு போட்டுட்டுப் போங்க. வழுக்கும். பிரிண்ட் எடுத்துட்டுப் போறவங்க மறக்காம பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அங்க எல்லார் கையும் ஈரம்.